மழைக்காட்டின் ஐந்து அடுக்கு நேரில் ஏன் தெரியவில்லை?

பட்டர்வொர்த் ஆசிரியை

வணக்கம். பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். போன சனிக்கிழமை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தெலுக் பஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தோம். அதற்கு முன்பே வகுப்பில் வெப்பமண்டல மழைக்காட்டின் படத்தை ஒட்டி விளக்கிவிட்டேன். எல்லோருக்கும் தெரிந்த படம்தான்: உச்சியில் தனித்து நிற்கும் மரங்கள், அடுத்து விதானம் (மர உச்சிகள் சேர்ந்த இலைக்கூரை), கீழ்விதானம், புதர், கடைசியில் தரை. அடுக்குமாடி வீடு மாதிரி ஐந்து கோடு.

காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, "டீச்சர், இதுல ரெண்டாவது அடுக்கு எது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கை நீட்டிக் காட்ட ஓர் இடம் அமையவில்லை. எல்லா உயரத்திலும் இலைதான். சில இடத்தில் கீழே ஒன்றுமே இல்லை, பத்துப் பேர் சேர்ந்து நடக்கலாம். சில இடத்தில் கையை விட்டால் மறுபக்கம் தெரியாத அடர்த்தி.

இன்னும் இரண்டு கேள்வி வந்தது. ஒரு பையனுடைய பாட்டி சென்னையில் இருக்கிறார். "அங்கயும் மழை கொட்டி வெள்ளம் வருதே, அங்க ஏன் இந்த மாதிரி காடு இல்ல?" என்றான். இன்னொரு பிள்ளை, "உள்ளே வெயிலே இல்ல, குளுமையாத்தான் இருக்கு, ஆனா சட்டை மட்டும் பிழியிற மாதிரி நனைஞ்சிருக்கே" என்றாள்.

அடுத்த மாதம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளையும் அழைத்துப் போகப் போகிறோம். அவர்களிடம் எதைக் காட்டி எப்படிச் சொல்வது? காட்டைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

படிவம் மூன்று அப்பா

டீச்சர், என் மகன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று. பரீட்சைத் தாளில் அடுக்குகளின் பெயரை எழுதச் சொன்னால் எழுத வேண்டும், அவ்வளவுதான். காட்டில் அப்படித் தெரியவில்லை என்று இந்த வயதில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. படத்தைப் படமாகவே விடுங்கள். சுற்றுலாவில் குரங்கு, பறவை, கடற்கரை என்று காட்டுங்கள், அதிலேயே சந்தோஷப்படுவார்கள்.

சென்னைக் கேள்விக்கு மட்டும் பதில்: அங்கே மழையில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதத்தில் பெய்து முடிந்துவிடும்.

மலைப்பாதை

டீச்சர், பிள்ளைகள் கண்ணால் பார்த்தது சரி. அந்தப் படம் எப்படி வந்தது என்று தெரிந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

நான் மர அளவெடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கெடாவிலும் பேராக்கிலும் காட்டுக்குள் தங்கி, மரத்தைச் சுற்றி நாடா போட்டு, உயரம் பார்த்து, பெயர் எழுதுவதுதான் பிழைப்பாக இருந்தது. இப்போது பினாங்கில் இருக்கிறேன். கேட்பவர்களைக் கொடிமலைப் பக்கமும் தெலுக் பஹாங் பக்கமும் அழைத்துப் போவேன்.

1929 வாக்கில் டேவிஸ், ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு பேர் தென் அமெரிக்காவில், அன்றைய பிரிட்டிஷ் கயானாக் காட்டில், நீளமான ஒடுக்கமான ஒரு கீற்றைக் குறித்துக்கொண்டார்கள். அதிலிருந்த சின்னச் செடிகளை அப்புறப்படுத்தினார்கள். மிச்சம் நின்ற மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தாளில் வரைந்தார்கள். காட்டுக்குள் நிற்கிற எவர் கண்ணுக்கும் அகப்படாத ஒரு காட்சியை அளவெடுத்தே வரைந்தது பெரிய வேலை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே முறையில் பின்னால் வரைந்தவர்கள் பெரும்பாலும் மரம் விழாத, நன்றாக முதிர்ந்த இடமாகப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். பாடநூலுக்கு வந்தபோது மரங்கள் குறைந்து கோடுகள் கூடிவிட்டன. ஆகவே பிள்ளைகள் கையில் இருப்பது காட்டின் ஒரு மூலையில், ஒரு வயதில் எடுத்த படம்.

உண்மையான காடு பல வயதுத் துண்டுகளாகக் கிடக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த விட்மோர் என்ற தாவரவியலாளர் இதைத்தான் வலியுறுத்தினார். மரம் விழுந்து வெளிச்சம் புகுந்த திறப்பு, இளமரங்கள் போட்டி போட்டு ஏறும் பகுதி, முதிர்ந்த பகுதி என்று மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நீங்கள் ஒரு மணி நேரம் நடந்தால் மூன்றையும் மாறி மாறித் தாண்டியிருப்பீர்கள். "கை விட்டால் மறுபக்கம் தெரியாத அடர்த்தி" என்றீர்களே, அது திறப்பாகவோ வளரும் பகுதியாகவோ இருந்திருக்கும், அல்லது பாதையோரம், ஆற்றோரம். "பத்துப் பேர் சேர்ந்து நடக்கலாம்" என்ற இடம் முதிர்ந்த காடு. மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் அங்கே தரைக்கு வருகிறது. அந்த வெளிச்சத்தில் என்ன முளைத்து வளர முடியும்? பாராங் கத்தியால் வெட்டிக்கொண்டே போகிற காடு சினிமாவில்தான் எங்கும் இருக்கும்.

ஒரு பெரிய மெரந்தி மரம் விழுந்த இடத்துக்கு அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பாதையோரத்திலேயே அகப்படும். விழும்போது கொடிகளோடு பிணைந்திருந்த நாலைந்து மரங்களையும் இழுத்துப் போட்டிருக்கும். அண்ணாந்தால் வானம் தெரியும். அங்கே முதலில் எழும்பி நிற்பது பெரும்பாலும் மகாங் மரம். மூன்று கூறாகப் பிரிந்த அகலமான இலை, மெல்லிய தண்டு. சில மகாங் வகைகளில் தண்டின் உள்பக்கம் வெறுமையாக இருக்கும். உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவு துளை தெரியும், அதில் சிற்றெறும்பு போய்வரும். இலைக்காம்பின் அடியில் வெள்ளை மணிமணியாக ஒன்றை மரமே சுரந்து வைத்திருக்கும், எறும்புக்கு அதுதான் சாப்பாடு. பதிலுக்கு எறும்பு இலை தின்னும் புழுவை விரட்டும், சுற்ற வரும் கொடியின் நுனியைக் கடித்துப் போடும். இலையை லேசாகத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் நின்றால் பிள்ளைகளே பார்ப்பார்கள். தொட விடாதீர்கள், கடிக்கும்.

அந்த மகாங் மரம் வேகமாக வளர்ந்து, சில பத்தாண்டுகளில் முடிந்துவிடும். அதன் நிழலில் முழங்கால் உயரத்தில் ஒரு மெரந்திச் செடி நிற்கும், நாலைந்து இலையோடு. அது போன வருடத்துச் செடி என்று நினைத்துவிட வேண்டாம். இருட்டில் பத்து வருடம்கூட அதே உயரத்தில் நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வந்தால் ஏறும், வராவிட்டால் ஒருநாள் பட்டுப்போகும். உங்கள் படத்தில் "கீழ்விதானம்" என்று போட்ட இடத்தில் நிற்பதில் ஒரு பகுதி இப்படி மேலே போகும் வழியில் இருக்கிற மரங்கள். வாழ்நாள் முழுக்க நிழலிலேயே இருந்து பூத்துக் காய்க்கும் சிறு மர வகைகள் மீதி. உயரத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால்தான் கை நீட்டிக் காட்ட இடம் அமையவில்லை.

தனித்து எழும் உச்சி மரத்தைக் காட்ட வேண்டுமென்றால் உள்ளே நின்று அண்ணாந்து பயனில்லை. கடற்கரையில் இறங்கியதும் திரும்பி மலைமுகட்டைப் பாருங்கள். சாம்பல் கலந்த பச்சையில், மற்றதற்கு மேலே தலை தூக்கிய உருண்டை உச்சிகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் செராயா மரங்கள். அதன் அறிவியல் பெயரில் கர்ட்டிஸ் என்பவரின் பெயர் இருக்கிறது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவை 1884-ல் தொடங்கி வளர்த்த சார்ல்ஸ் கர்ட்டிஸ்தான் அவர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் மனதில் நிற்கும்.

சென்னைக் கேள்விக்கு வருகிறேன். மேலே அப்பா சொன்னது சரி, ஆனால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது அது. சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர், பினாங்குக்கு ஏறக்குறைய 2,400. ஆனால் மொத்தத்தை வைத்துக் காட்டைத் தீர்மானிக்க முடியாது. சிரபுஞ்சியில் 11,000-க்கு மேல் பெய்கிறது. அங்கேயும் பனிக்காலத்தில் மாதக்கணக்கில் வறட்சி, குடிதண்ணீருக்கே சிரமப்படுகிறார்கள். மழைக்காட்டுத் தட்பவெப்பம் என்று சொல்ல எந்த மாதமும் மழை 60 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, மிகக் குளிரான மாதத்தின் சராசரியும் 18 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியான மாதங்கள், ஆனாலும் சராசரியில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். நாம் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெர்லிஸ் கங்காரிலிருந்து தாய்லாந்தின் பத்தானி வரை ஒரு கோடு இழுத்து, அதற்கு வடக்கே காட்டின் தன்மை மாறுகிறது என்று தாவரவியலாளர்கள் காட்டுவார்கள். அங்கே வறட்சிக் காலம் தெளிவாக இருக்கும், இலை உதிர்க்கும் மரங்களும் கூடும்.

நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தையும் இதோடு சேர்த்துப் பேசலாம். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பிப்ரவரி வாக்கில் ரப்பர் மரம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். அது அமேசான் காட்டு மரம், 1876-ல் அங்கிருந்து எடுத்து வந்த விதையின் வாரிசு. இங்கே வறட்சி கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே இலையைக் கழித்துவிடும். பக்கத்துக் காடு அதே மாதத்தில் பச்சையாகத்தான் இருக்கும். அடுக்கு என்று ஒன்றைச் சுத்தமாகப் பார்க்க வேண்டுமா, ரப்பர்த் தோட்டத்துக்குப் போங்கள். ஒரே நாளில் நட்ட மரம், ஒரே உயரம், ஒரே விதானம்.

சட்டை நனைந்த பிள்ளைக்கு: நமக்கு மாதத்துக்கு மாதம் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை, ஆண்டு முழுக்க இரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரே நாளில் விடியற்காலை 24, பிற்பகல் 32 என்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கமும் விதானத்தின் மேல்தான். அங்கே வெயில், காற்று, மதியத்தில் ஈரப்பதமும் குறையும். கீழே தரையில் பகலும் இரவும் அதிக வித்தியாசமில்லை. வெயிலை இலைகள் வாங்கிக்கொள்கின்றன. அவை விடும் நீராவி வெளியே போகக் காற்றும் இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நம் வியர்வை ஆவியாகப் போக வழியில்லாமல் சட்டையிலேயே தங்கிவிடுகிறது. குளுமையும் புழுக்கமும் ஒரே இடத்தில் இருப்பது இப்படித்தான்.

படிவம் மூன்று அப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். பெயர்களை எழுதட்டும், மதிப்பெண் வாங்கட்டும். உயரத்துக்குப் பெயர் வைத்தால் பேச வசதி, அதில் தவறில்லை. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளை காட்டைப் பார்த்துவிட்டு "எது ரெண்டாவது அடுக்கு?" என்று கேட்கிறதே, அந்தக் கேள்வியை அணைத்துவிடக் கூடாது. இதைப் பணிவாகத்தான் சொல்கிறேன்.

கெப்போங் வாசி

மலைப்பாதை ஐயா சொன்ன ரப்பர்த் தோட்டத்தைப் படிச்சதும் எங்க ஊர் ஞாபகம் வந்துச்சு. நான் கேஎல்-ல (கோலாலம்பூர்), கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் பக்கத்துல இருக்கேன், காலையில அங்கதான் நடப்பேன். டீச்சர் எப்பவாவது பிள்ளைங்கள கேஎல்-க்குக் கூட்டிட்டு வந்தா கண்டிப்பா இங்க வாங்க.

இங்க இருக்கிற காடு தானா வந்த காடு இல்ல. ஈயம் தோண்டி, காய்கறி போட்டு, மண்ணெல்லாம் வீணாப் போன இடத்துல 1920-கள்ல இருந்து மரம் நட்டு உண்டாக்கினது. இன்னைக்கு உள்ள போனா யாரும் நம்ப மாட்டாங்க. 2025-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க.

அதுல கப்பூர் மரங்க நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அண்ணாந்து பாத்தா ஒரு மரத்தோட உச்சி இன்னொண்ணத் தொடாம, நடுவுல ஒரு முழம் ரெண்டு முழம் வானம் விட்டு, வளைஞ்சு வளைஞ்சு போகும். எல்லாரும் போட்டோ எடுக்கிற இடம். காத்துல உரசி நுனி ஒடியறதாலதான் இப்படின்னு பலர் சொல்வாங்க. இங்க ஆராய்ச்சி செஞ்ச ஃபிரான்சிஸ் இங், 1977-ல, உரசின அடையாளம் எதுவும் கப்பூர்ல காணோம், வளர்ற நுனி பக்கத்து மரத்தோட நிழலை உணர்ந்து நின்னுக்குதுன்னுதான் தோணுதுன்னு எழுதினார். ஐயா சொன்ன ரப்பர்த் தோட்டம் மாதிரி, அந்த மரமெல்லாம் ஒரே சமயத்துல நட்டது, ஒரே வயசு. அதனாலதான் ஒரே மட்டத்துல விதானம் அமைஞ்சு, அந்த இடைவெளி அவ்வளவு தெளிவாத் தெரியுது. கலப்பான காட்டுக்குள்ள இப்படி அகப்படறது கஷ்டம்.

பிள்ளைங்களுக்குச் சொல்ல இன்னொண்ணு. பச்சைக் கற்பூரம் அந்தக் காலத்துல இந்த மரத்தோட உள்தண்டுல இருந்துதான் எடுத்தாங்க. அதுக்குப் பேர்போன துறைமுகம் சுமத்ராவுல இருக்கிற பாருஸ். அங்க லோபு துவாங்கிற இடத்துல 1088-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டே இருக்கு, ஐந்நூற்றுவர்ங்கிற நம்ம வணிகர் குழு வச்சது. இந்தக் காட்டு மரத்துக்கும் நமக்கும் உள்ள உறவு தோட்டத்துக்கு ஆள் எடுத்த காலத்துல ஆரம்பிச்சது இல்ல.

டவுன்லயே சின்னதா பாக்கணும்னா புக்கிட் நானாஸ் இருக்கு, 1906-ல காப்புக்காடா அறிவிச்சது. கேஎல் கோபுரத்துக்குக் கீழயே இயற்கைக் காடு. ஆனா அது ரொம்பச் சின்னது, ஓரத்து வெளிச்சம் எல்லாப் பக்கமும் புகுந்துடும். மலைப்பாதை ஐயா சொன்ன முதிர்ந்த காட்டு இருட்டு அங்க குறைவுதான்.

பட்டர்வொர்த் ஆசிரியை

மலைப்பாதை ஐயாவுக்கும் கெப்போங் வாசிக்கும் மிக்க நன்றி. இரண்டு பதிலையும் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

ஐயா, இன்னும் சில கேள்வி. பிள்ளைகள் கையாலேயே செய்துபார்க்க ஏதாவது வேண்டும், சும்மா கேட்டுக்கொண்டே நடந்தால் அவர்களுக்கு அலுத்துவிடும். பள்ளியில் வெப்பமானி சில இருக்கிறது. அப்புறம், அவ்வளவு மரத்தில் நாங்கள் ஒரு பூவோ காயோ பார்க்கவில்லை. அது ஏன்? ஒரு பிள்ளை வெட்டிக் கிடந்த கட்டையில் வளையம் எண்ணப் பார்த்தான், ஒன்றும் புலப்படவில்லை.

மலைப்பாதை

கட்டையில் வளையம் தேடிய பிள்ளையைப் பாராட்டுங்கள். குளிர்நாட்டு மரம் பனிக்காலத்தில் வளர்ச்சியை நிறுத்தும், அதனால் வருடத்துக்கு ஒரு வளையம். இங்கே நிறுத்தச் சொல்லிக் காலம் எதுவும் வருவதில்லை. ஆகவே நம் காட்டு மரங்களில் பலவற்றுக்குத் தெளிவான ஆண்டு வளையம் கிடையாது. வயதைத் தெரிந்துகொள்ள வருடா வருடம் சுற்றளவு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 50 ஹெக்டேரைப் பிரித்து, 1980-களின் நடுவில் தொடங்கி, விரல் பருமன் உள்ள செடி முதற்கொண்டு எண் கட்டி அளந்து வருகிறார்கள். அந்த ஒரு துண்டில் மட்டும் 800-க்கு மேற்பட்ட மர வகைகள். உங்கள் பிள்ளைகள் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு அதே வகையை மறுபடி தேடினால் வெகுதூரம் போக வேண்டியிருக்கும், அதையே ஒரு விளையாட்டாக வைக்கலாம்.

பூவைப் பற்றிக் கேட்டது முக்கியமான விஷயம். மெரந்தி, செராயா, கப்பூர் குடும்பம் வருடா வருடம் பூப்பதில்லை. சில வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒரு சமயம் காடு முழுக்கப் பல வகைகள் ஒன்றுசேர்ந்து பூக்கும். இடைவெளி இரண்டு வருடமாகவும் இருக்கும், பத்து வருடமாகவும் இருக்கும். வறட்சியும் இரவில் சில நாள் வழக்கத்தைவிடக் குளிர்வதும் அதைத் தூண்டுகின்றன. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி நம் பக்கம் வறட்சி வரும் எல் நினோ வருடங்களில் அடிக்கடி நடக்கும். இத்தனை கோடிப் பூவுக்கும் மகரந்தம் சேர்க்க வருடக்கணக்கில் யார் காத்திருப்பது? பாசோவில் அப்பண்ணா, சான் என்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் விடை கண்டு 1981-ல் எழுதினார்கள். சில மெரந்தி வகைகளில் அந்த வேலையைச் செய்வது இலைப்பேன் என்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சி. மொட்டிலேயே முட்டையிட்டுச் சில நாளில் பெருகிவிடும். உதிர்ந்த பூவோடு தரைக்கு வந்து, சாயங்காலம் புதிதாக மலரும் பூவுக்கு மறுபடி ஏறிவிடும்.

காய்த்ததும் இறக்கை வைத்த விதை சுழன்று சுழன்று விழும். பெரும்பாலும் தாய்மரத்தின் பக்கத்திலேயே விழும். காட்டுப்பன்றி, அணில் தின்றது போக மீதி உண்டு, ஒரே சமயத்தில் அவ்வளவு விழுவதால்தான் மிஞ்சுகிறது. விழுந்த சில நாளில் முளைத்தாக வேண்டும், இந்த விதைக்கு உறக்கம் கிடையாது. மகாங் விதை மண்ணில் கிடந்து வெளிச்சத்துக்குக் காத்திருக்கும், மெரந்தி விதை காத்திருக்காது. பெரிய மரங்களையும் அந்த முழங்கால் உயரச் செடிகளையும் சேர்த்து அழித்துவிட்டால் மண்ணிலிருந்து திரும்பி எழ ஒன்றும் இல்லை. மலைச்சரிவை மொட்டையடித்துவிட்டு "மரம் நட்டுவிடுவோம்" என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தை மலைநிலம் என்று வைத்துக் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அது கறாராக நடக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். பட்டர்வொர்த்தில் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. பினாங்கு மாநிலத் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடாவிலிருந்து வருகிறது, அந்த ஆற்றின் தலைப்பகுதி கெடாவிலுள்ள உலு மூடா மழைக்காடு. வகுப்பில் குழாயைத் திறந்துவிட்டு இதைச் சொல்லுங்கள்.

கையால் செய்ய மூன்று வேலை. வெப்பமானி ஒன்றை நுழைவாயில் பக்கம் வெட்டவெளியில், ஆனால் நேர் வெயில் படாத நிழலில், இடுப்பளவு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்றை முதிர்ந்த காட்டில் அதே உயரத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் வாயிலில் நின்று போனில் சொல்லட்டும். பத்து மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு ஒருமுறை. வித்தியாசம் கூடுவதைப் பிள்ளைகளே எழுதிக்கொள்வார்கள்.

இரண்டாவது, இலை. தரையில் உதிர்ந்து கிடக்கிற இலைகளில் மேலிருந்து வந்தவற்றை எடுத்து, பக்கத்தில் நிழலில் நிற்கும் சின்னச் செடியின் இலையோடு வைத்துப் பார்க்கட்டும். செடியைப் பறிக்கக் கூடாது. மேலிலை சிறியது, தோல் மாதிரி தடிப்பு. நிழலிலை அகலம், மெல்லியது, நுனி வால் போல நீண்டிருக்கும், மழைநீர் வழிந்தோட. ஒரே மரமே சின்ன வயதில் ஒருவிதமாகவும் உச்சிக்குப் போனதும் வேறுவிதமாகவும் இலை விடுகிறது. மேலே ஒரு தட்பவெப்பம், கீழே ஒரு தட்பவெப்பம் என்பதற்குக் கையில் வைத்துக் காட்ட இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, உதிர்ந்த இலையை ஒரு சாண் அகலத்துக்குக் கையால் ஒதுக்கிப் பார்க்கட்டும். தேளோ பூரானோ இருக்கலாம், முதலில் குச்சியால் கிளறுங்கள். இலைப்படுகை இரண்டு மூன்று விரல் கனம்கூட இருக்காது, அடியில் உடனே மண். விழுகிற இலையைக் கரையானும் பூஞ்சையும் சில மாதத்தில் தின்று தீர்த்து, சத்தை வேருக்கே திருப்பிவிடுகின்றன. வேரில் ஒட்டி வெள்ளை நூல் போல ஓடுவது பூஞ்சை. இவ்வளவு பெரிய காடு இவ்வளவு மெல்லிய மண்ணில் நிற்கிறதே என்று பிள்ளைகள் கேட்டால், சத்தெல்லாம் மண்ணில் சேர்ந்து கிடக்கவில்லை, மரங்களுக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லுங்கள். பலகை மாதிரி விரிந்த வேரைக் காட்ட அதுவே நல்ல சமயம்.

எட்டு மணிக்கெல்லாம் வாயிலில் பதிவு செய்துவிடுங்கள், பிற்பகல் மழைக்கு முன்னால் வெளியே வந்துவிடலாம். முழங்கால் வரை காலுறை, மழை பெய்த மறுநாள் என்றால் அட்டைக்கு உப்பு. அக்டோபரில் வைக்காதீர்கள், பாதை வழுக்கும். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், நானும் வருகிறேன்.